தேவைக்கு மிஞ்சிய எஃகும் தென்சீனக் கடலும்: இரண்டுக்கும் முடிச்சு உண்டா?

திசைகாட்டி (இழையைத் தொடங்கியவர்):

கொஞ்ச நாளாக இரண்டு வகைச் செய்திகளை அடுத்தடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, சீனா தேவைக்கு மேல் உற்பத்தி செய்து உலகத்தின் தலையில் கட்டுகிறது என்பது. 2024-ல் மட்டும் அந்நாடு ஏற்றுமதி செய்த எஃகு 11 கோடி டன். சூரியத் தகடு, பேட்டரி, மின்சாரக் கார் எல்லாவற்றிலும் இதே கதைதான். 2025-ல் முதல் 11 மாதங்களிலேயே வர்த்தக உபரி 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இன்னொன்று, தென்சீனக் கடல். 2025 ஆகஸ்ட் 11 அன்று, சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டுக்கு அருகே பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் கப்பல் ஒன்றைத் துரத்தப்போய், சீனக் கடற்படைக் கப்பலும் சீனக் கடலோரக் காவல் கப்பலும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. அந்தக் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

பத்திரிகைகளில் முதலாவது வணிகப் பக்கத்தில் வருகிறது, இரண்டாவது வெளிநாட்டுப் பக்கத்தில். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றனவா, அல்லது ஒரே நாடு என்பதால் நாம்தான் சேர்த்துப் பார்க்கிறோமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

செந்தட்டி:

இதில் கேட்க என்ன இருக்கிறது? சரக்கு தேங்கினால் முதலாளித்துவ அரசு வெளியே சந்தை தேடும், சந்தைக்கு வழி தேடும், வழியைக் காக்கப் படை அனுப்பும். 100 வருடத்துக்கு முன்பே லெனின் இதை விளக்கிவிட்டார். பிரிட்டன் செய்தது, 1930-களில் மஞ்சூரியாவில் ஜப்பான் செய்தது, இன்று சீனா செய்கிறது. கொடி சிவப்பாக இருப்பதால் விதி மாறிவிடாது.

சீனாவில் குடும்பங்கள் செய்யும் செலவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தான் செய்த பொருளைத் தானே வாங்கும் அளவுக்குத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. மிச்சம் எங்கே போகும்? கடல் வழியாகத்தான் போகும். கடல் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

---

கணக்குப்பிள்ளை:

தோழர், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். தேதிகளைப் பாருங்கள். தென்சீனக் கடலைச் சுற்றிக் கோடு போட்ட வரைபடம் 1947-ல் வந்தது. வெளியிட்டது கம்யூனிஸ்ட் அரசுகூட இல்லை, அதற்கு முன் சீனாவை ஆண்ட கோமிங்டாங் அரசு. பாரசெல் தீவுகளைத் தென்வியட்நாமிடமிருந்து சீனா முழுதாகப் பிடித்தது 1974-ல். ஜான்சன் தெற்குப் பாறையில் சீனக் கடற்படையோடு மோதி 64 வியட்நாம் வீரர்கள் செத்தது 1988-ல். 1974-ல் சீனாவில் ஒரு சைக்கிள் வாங்கவே கூப்பன் வேண்டும். அன்று அவர்களிடம் மிஞ்சிய எஃகு ஏது?

அடுத்து, மஞ்சூரியாவில் நிலக்கரி இருந்தது, ரயில் இருந்தது, பொருள் வாங்க ஆள் இருந்தார்கள். ஸ்கார்பரோவில் கடல் ஏறும்போது தலை நீட்டும் சில பாறைகள் இருக்கின்றன. அங்கே யாருக்குக் கார் விற்பது? சீனச் சரக்கு அந்தக் கடல் வழியாக இன்று தடையில்லாமல்தான் போகிறது. திட்டைப் பிடித்து வைத்திருப்பதால் ஒரு கன்டெய்னர்கூடக் கூடுதலாகப் போகப்போவதில்லை.

மிகை உற்பத்திக்கு நீங்கள் சொன்ன கூலிக் கணக்கு பாதிதான். மீதி, உள்ளாட்சிக் கணக்கு. சீனாவில் மதிப்புக் கூட்டு வரி பெரும்பாலும் பொருள் செய்யப்படும் இடத்தில் வசூலாகிறது. 2016 முதல் அதில் பாதி உள்ளூர் அரசுக்கு. அப்படியானால் ஒரு நகர மேயர் என்ன செய்வார்? ஆலையைக் கொண்டுவா என்பார். நிலம் மலிவாகக் கிடைக்கும், உள்ளூர் வங்கி கடன் கொடுக்கும். பெய்ஜிங் மின்சாரக் கார் என்று வாயைத் திறந்ததும் எல்லா மாகாணத்திலும் மின்சாரக் கார் ஆலை. நஷ்டம் வந்தாலும் மூட விட மாட்டார்கள், வரியும் வேலையும் போய்விடும். 2021-ல் வீட்டுமனைத் தொழில் சரிந்தபின் வங்கிக் கடன் அங்கிருந்து ஆலைகள் பக்கம் திரும்பியது. வீடு கட்டப் போய்க்கொண்டிருந்த கம்பியும் தகடும் துறைமுகம் பக்கம் திரும்பின. ஒவ்வொரு மேயரும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார். கூட்டிப் பார்த்தால்தான் கண்ணைக் கட்டுகிறது.

---

தகடு வியாபாரி:

கணக்குப்பிள்ளை சொன்ன வரி விஷயத்துக்கு எங்கள் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். சூடாக உருட்டிய தகட்டுச் சுருள் இறக்குமதி செய்கிற ஆள் நான். 2010-களின் தொடக்கத்தில் வந்த சீனச் சுருள்களின் ஆலைச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், போரான் 0.0008 சதவீதம் அல்லது அதற்கு ஒரு மயிரிழை மேல் என்று இருக்கும். யாரும் போரான் கேட்கவில்லை. வெல்டிங் பண்ணுகிறவர்கள் அதைப் பார்த்து முணுமுணுப்பார்கள். ஆனால் சுங்கப் பட்டியலில் 0.0008-ஐத் தொட்டால் அது கலப்பு உருக்கு. கலப்பு உருக்கை ஏற்றுமதி செய்தால் சீன அரசு வரியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். சாதாரணத் தகட்டில் ஒரு சிட்டிகை போரானைத் தூவிவிட்டு அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு விலை குறைந்தது, இங்கே உள்ள ஆலைகளுக்கு வயிறு எரிந்தது.

2015 ஜனவரியில் போரான் உருக்குக்கு அந்தச் சலுகையை ரத்து செய்தார்கள். அடுத்து வந்த சரக்கில் போரான் போய் குரோமியம் இருந்தது! அரசாங்கம் ஒரு கதவைச் சாத்தினால் ஆலை சன்னல் வழியாக வரும்.

ஒன்று, அவர்களால் மூட முடியாது என்பது சரியில்லை. 2016-17-ல் பழைய இரும்பை உருக்கித் தரமில்லாத கம்பி போடும் திருட்டு உலைகளை, சுமார் 14 கோடி டன் கொள்ளளவு, மொத்தமாக இழுத்து மூடினார்கள். மனசு வைத்தால் நடக்கும்.

---

நடுக்கடல்:

சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக அந்தப் பக்கம் ஓடியவன். நான் பார்த்ததைச் சொல்கிறேன், பொருளாதாரம் உங்கள் பாடு.

தென்சீனக் கடலின் தெற்கே ஸ்ப்ராட்லி தீவுகள் உள்ள பகுதியைக் கடல் வரைபடத்தில் 'ஆபத்தான பகுதி' என்றே அச்சிட்டிருப்பார்கள். பாறையும் திட்டும் ஆழம் அளக்காத இடமும் நிறைய. சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் போகிற நாங்கள் அதற்கு மேற்கே ஒதுங்கித்தான் போவோம். அதனால் சீனா கடல் வழியை மறித்து வைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எங்களை யாரும் மறித்ததில்லை.

ஆனால் மீன்பிடிக் கப்பல்கள் வேறு கதை. நள்ளிரவு 12-லிருந்து 4 வரை என் காவல். ராடார் திரையில் அம்மை போட்டதுபோல் புள்ளிகள். பெயரும் எண்ணும் காட்டும் கருவியைப் பாதிப் பேர் அணைத்து வைத்திருப்பார்கள். அதில் எது மீன் பிடிக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று பார்த்தாலே ஓரளவு தெரியும். வலை போட்ட கப்பல் மெதுவாக ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போகும். சும்மா நிற்பது நங்கூரம் போட்டு நிற்கும். 2021 மார்ச்சில் அதே ஸ்ப்ராட்லியில் விட்சன் பாறையருகே சுமார் 220 சீனக் கப்பல்கள் வந்து கிடந்தன, நினைவிருக்கிறதா? பக்கத்தில் பக்கத்தில் கயிறு கட்டி, தெருவில் வீடு வரிசை மாதிரி நின்றன. மீன் பிடிக்கும் அடையாளம் எதுவும் இல்லை, இரவில் விளக்கு மட்டும் எரிந்தது என்று பிலிப்பைன்ஸ் அரசே சொன்னது. மீன்பிடிக் கப்பல் மீன் பிடிக்காமல் நின்றால் அன்றாடம் டீசலுக்கே கட்டுபடியாகாது. யாரோ பணம் கொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

---

புதுவாசகி:

முதல் தடவையாக எழுதுகிறேன். நடுக்கடல் ஐயா சொல்வதைப் பார்த்தால் மீன்பிடிக் கப்பல்களே ஒரு மிகை உற்பத்திதானே? கடலில் இருக்கிற மீனுக்கு மேல் கப்பல் கட்டிவிட்டு, அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. சீனக் கரையோரத்தில் மீன் குறைந்து பல காலம் ஆகிறது. எஞ்சியது பெரிய எஃகுக் கப்பல்களும் அதில் வேலை செய்ய ஆட்களும். ஸ்ப்ராட்லிக்குப் போய் நின்றால் தனி எரிபொருள் மானியம், பெரிதாக இரும்பில் கட்டினால் கட்டுமானத்துக்கும் மானியம் என்று 2012-13-க்குப் பிறகு கொடுத்தார்கள். இவைதான் கடல்சார் ஊர்க்காவல் படை என்று இன்று சொல்லப்படுவதன் முதுகெலும்பு.

பெரிய கப்பல் பட்டறைகளையும் பார்க்க வேண்டும். 2008 நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்கப் புதுக் கப்பல் ஆர்டர் வற்றிவிட்டது. அதற்கு முந்தைய வருடங்களில் சீனாவில் பட்டறைகள் புற்றீசல்போல் முளைத்திருந்தன. தனியாரில் பெரியதான ரோங்ஷெங் 2013-ல் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2014-ல் அரசு 51 பட்டறைகளின் பெயரை வெளியிட்டு, இவற்றைக் காப்பாற்றுவோம், மற்றவை தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி ஒரு பட்டியல் போட்டது. அதே காலத்தில்தான், 2013-ல், சிதறிக் கிடந்த கடல் அமைப்புகளை ஒன்று சேர்த்து ஒரே கடலோரக் காவல் படை ஆக்கினார்கள். அடுத்த சில வருடங்களில் வெள்ளை பூசிய கப்பல்கள் சரம் சரமாக இறங்கின. இன்று 1,000 டன்னுக்கு மேற்பட்டவை மட்டும் 150-க்கும் மேல். அதில் ஒன்று 165 மீட்டர் நீளம், எண் 5901. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையிடம் உள்ளவற்றில் பெரியவை ஜப்பான் கடனில் கட்டிக் கொடுத்த இரண்டு கப்பல்கள், 97 மீட்டர். கடற்படைக்குக் கட்டிய 056 வகைச் சிறு போர்க்கப்பல்களில் 20-க்கும் மேற்பட்டவற்றை, பத்து வயதுகூட ஆகாத நிலையில், ஏவுகணையைக் கழற்றிக் காவல் படைக்குத் தள்ளிவிட்டார்கள். கடற்படைக்கே பழசாகிப்போகும் வேகத்தில் கப்பல் வருகிறது என்று பொருள்.

ஆக, நான் முன்பு சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். உரிமை கோரல் பழசு. பாறைக்குப் பக்கத்தில் வருடம் முழுக்க ஆள் நிறுத்தி வைக்கும் வசதி புதுசு. அந்த வசதியைக் கொடுத்தது காலியாகக் கிடந்த பட்டறையும் விலை போகாத தகடும். செந்தட்டி சொல்வதுபோல் சந்தை தேடிப் போன படை இல்லை இது. மலிவாகக் கிடைத்ததால் பெருகிய படை.

---

செந்தட்டி:

நான் முன் வாசலால் சொன்னதை நீங்கள் கொல்லைப்புறமாகச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அரசுப் பட்டறைக்கு அரசே ஆர்டர் கொடுத்து உயிர் கொடுப்பது உபரியை ஆயுதமாக்குவது இல்லையா?

---

கணக்குப்பிள்ளை:

வித்தியாசம் இருக்கிறது தோழர். உங்கள் வாதப்படி உபரி தீர்ந்தால் சண்டை தீரும். என் வாதப்படி தீராது.

---

மறுபக்கம்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து பேசுகிறீர்கள், எனவே பெயருக்கேற்ப நான்.

'மிகை உற்பத்தி' என்று முடிவு செய்வது யார்? 2024-ல் சீனாவில் செய்யப்பட்ட வண்டிகள் 3.1 கோடிக்கு மேல், ஏற்றுமதியானவை 58 லட்சத்துச் சொச்சம். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜெர்மனியில் செய்யும் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிதான், அதை யாரும் மிகை உற்பத்தி என்று சொன்னதில்லை. சூரியத் தகடு விலை விழுந்ததால் எத்தனை ஏழை நாடுகளில் கூரைமேல் மின்சாரம் வந்தது? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடல் விஷயத்திலும் அப்படியே. 2013-15-ல் சீனா ஏழு திட்டுகளில் மணல் கொட்டி சுமார் 3,200 ஏக்கர் தீவு எழுப்பியது, கூச்சல் எழுந்தது, சரி. 2021-க்குப் பிறகு வியட்நாம் அதே வேலையைத் தன் திட்டுகளில் வேகமாகச் செய்கிறது, பரப்பளவில் சீனாவை நெருங்கிவிட்டது. அங்கே என்ன எஃகு உபரி? கடல் சட்ட உடன்படிக்கையை மற்றவர்களுக்குப் போதிக்கும் அமெரிக்கா அதை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. சீனா 1996-லேயே அங்கீகரித்துவிட்டது.

---

திசைகாட்டி:

அங்கீகரித்துவிட்டு, அதன்படி அமைந்த நடுவர் மன்றம் 2016 ஜூலை 12 அன்று கொடுத்த தீர்ப்பைக் காகிதக் குப்பை என்று தள்ளியதும் சீனாதானே, நண்பரே? கணக்குப்பிள்ளை சொன்ன வரைபடத்திலிருந்து வந்த ஒன்பது கோட்டுக்குள் சீனாவுக்குச் சரித்திர உரிமை என்பதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது தீர்ப்பு. செயற்கையாக மேடு எழுப்பினால் கடல் எல்லை வராது என்பதும் உடன்படிக்கையில் தெளிவாக இருக்கிறது. அது வியட்நாமுக்கும் சேர்த்துத்தான்.

ஜெர்மனி உதாரணம் பாதி தேறும். அங்கே நஷ்டத்தில் ஓடும் கார் கம்பெனியை நகராட்சி பத்து வருடம் தூக்கிப் பிடிக்காது. சீன அரசே இப்போது இந்த விலைப்போரை 'உள்சுருளல்' என்று திட்டி, வெட்டுக்குத்துப் போட்டியை நிறுத்தச் சொல்கிறதே. வெளியாள் கட்டிவிட்ட கதை என்று இனிச் சொல்ல முடியாது.

---

மட்டுறுத்துநர்:

கச்சத்தீவு பற்றி வந்த மறுமொழிகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். இங்கே தென்சீனக் கடலோடு நிற்கவும்.

---

திசைகாட்டி:

நன்றி. நான் தேடிப் படித்ததில் கிடைத்த ஒன்றை எழுதியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு செய்தியும் ஒரே ஊரில் சந்திக்கின்றன: பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடா.

அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த ஊர். 1992-ல் அவர்கள் காலி செய்தார்கள். 2000-களில் தென்கொரியாவின் ஹன்ஜின் அங்கே பெரிய கப்பல் பட்டறை கட்டியது. ஆயிரக்கணக்கான பிலிப்பினோக்கள் வெல்டர்களாகவும் ஃபிட்டர்களாகவும் வேலை பார்த்தார்கள். பிலிப்பைன்ஸ் கப்பல் கட்டும் நாடுகளின் பட்டியலில் முன்வரிசைக்கு வந்தது இந்தப் பட்டறையால்தான். கணக்குப்பிள்ளை சொன்ன அதே வறட்சி இங்கேயும் வந்தது. உலகில் கப்பல் அதிகம், பட்டறை அதிகம், விலை பாதாளம். சீனாவில் அரசு முட்டுக் கொடுத்தது. இங்கே யாரும் கொடுக்கவில்லை. 2019 ஜனவரியில் பட்டறை நீதிமன்றத்தில் கைவிரித்தது. பிலிப்பைன்ஸ் வங்கிகளுக்கு மட்டும் பாக்கி சுமார் 40 கோடி டாலர்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். இரண்டு சீன நிறுவனங்கள் பட்டறையை வாங்க ஆர்வம் காட்டுவதாகச் செய்தி வந்தது. மணிலாவில் ஒரே கலவரம். ஸ்கார்பரோ திட்டு அங்கிருந்து கப்பலில் ஒரு ராத்திரி தூரம். 2012-ல் பிலிப்பைன்ஸின் கையைவிட்டுச் சீனாவிடம் போன திட்டு அது. அதைப் பார்த்த கரையில் உள்ள ஆழ்கடல் பட்டறையையும் அவர்களுக்கே விற்பதா என்று கேட்டார்கள், பிலிப்பைன்ஸ் கடற்படையும் தனக்கு ஒரு பங்கு வேண்டும் என்றது. கடைசியில் 2022-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. கடற்படை ஒரு பகுதியில் குடியேறியது. 2025-ல் கொரியாவின் ஹூண்டாய் அங்கே திரும்பவும் கப்பலுக்குத் தகடு வெட்ட ஆரம்பித்தது.

உலகச் சந்தையில் கப்பல் மிஞ்சிப்போனதால் ஒரு நாட்டின் பட்டறை செத்தது, அந்தப் பிணத்துக்காகக் கடல் தகராறின் இரண்டு பக்கமும் இழுபறி. இதற்கு மேல் என்ன முடிச்சு வேண்டும்?

---

தகடு வியாபாரி:

சூபிக் கதை தெரியாது, நன்றி. இதே ரகத்தில் மஞ்சள் கடல். சீனாவும் தென்கொரியாவும் அங்கே எல்லை பிரிக்கவில்லை. 2001-ல் அமலுக்கு வந்த மீன்பிடி ஒப்பந்தப்படி, நடுவில் ஒரு பகுதியைப் பொதுவாக வைத்தார்கள். சீனா அதில் 2018-ல் ஒன்றும் 2024-ல் இன்னொன்றுமாக இரண்டு இரும்புக் கூண்டுகளை இறக்கியது. சால்மன் வளர்க்கிறோம் என்றார்கள். இரண்டாவது கூண்டின் விட்டம் சுமார் 70 மீட்டர், உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு. இடையில் பழைய எண்ணெய் துரப்பண மேடை ஒன்றைக் கொண்டுவந்து, மீன் பண்ணையின் நிர்வாகக் கட்டடம் என்று வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் தென்கொரிய ஆய்வுக் கப்பல் பார்க்கப் போனபோது சீனத் தரப்பு மறித்து, மணிக்கணக்கில் இழுபறி. அந்தக் கூண்டில் போகும் எஃகை வேறு நாட்டில் வாங்கிக் கட்டினால் சால்மன் விற்ற காசில் தேறாது. நான் வியாபாரி, இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

---

நடுக்கடல்:

மேடை என்றதும் 2014 நினைவு வருகிறது. ஹைய்யாங் ஷியோ 981. சீனாவே ஷாங்காயில் கட்டிய முதல் ஆழ்கடல் துரப்பண மேடை. கட்டிய செலவு சுமார் 100 கோடி டாலர். பெரிய மேடைகள் நமது நடமாடும் தேசப் பரப்பு என்று அந்த எண்ணெய் நிறுவனத்தின் தலைவரே 2012-ல் பேசினார். மே மாதம் அதை இழுத்துவந்து பாரசெல் தீவுகளுக்குத் தெற்கே, வியட்நாம் தன்னுடையது என்று சொல்லும் கடலில் நிறுத்தினார்கள். சுற்றிலும் காவலுக்கு டஜன் கணக்கில் கப்பல். வியட்நாம் கப்பல்கள் மேல் தண்ணீர்ப் பீரங்கி. ஜூலை நடுவில்தான் விலக்கினார்கள்.

கரையில் நடந்தது இன்னும் மோசம். பின் துவோங் மாகாணத்தில் கும்பல் தொழிற்பேட்டைகளுக்குள் புகுந்து, பெயர்ப்பலகையில் சீன எழுத்து இருந்த ஆலைகளை எல்லாம் கொளுத்தியது. அதில் பெரும்பாலானவை தைவான்காரர்களுடையவை. ஹா தின்னில் தைவான் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த உருக்காலையில் சீனத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள்.

---

மறுபக்கம்:

அதே வியட்நாம் இன்று சீனாவிலிருந்து துணி, சில்லு, உதிரிப்பாகம் வாங்கித் தைத்து, பூட்டி, அமெரிக்காவுக்கு அனுப்பித்தான் பிழைக்கிறது. 2020 முதல் தென்கிழக்காசிய நாடுகள் கூட்டாகச் சீனாவின் முதல் வர்த்தகக் கூட்டாளி. கடலில் தண்ணீர் அடிப்பார்கள், துறைமுகத்தில் கை குலுக்குவார்கள்.

---

கணக்குப்பிள்ளை:

உண்மை. அதனால்தான் அவர்கள் சரக்கையும் கடலையும் தனித்தனிக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். 2025-ல் வியட்நாம் சீனச் சூட்டு உருட்டுத் தகட்டுக்குச் சுமார் 28 சதவீதம் வரை பொருள் குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் வந்து குவியும் சரக்குக்கு எதிரான வரி) போட்டது. தன் ஆலை சாகாமல் இருக்க அது வேண்டும். சீன உதிரிப்பாகத்துக்கு வரி போடவில்லை, போட்டால் தன் ஏற்றுமதி சாகும். இந்தியாவும் 2025 ஏப்ரலில் தட்டையான எஃகுப் பொருட்களுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத அறிவிப்புகள் இவை. அப்படி இருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். வரியைக் கடலோடு கட்டினால் இரண்டையும் பேசித் தீர்க்க முடியாது.

---

புதுவாசகி:

ஆனால் சீனா தன் பக்கத்திலிருந்து இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறதே! எல்லோரும் எஃகையே பேசுகிறீர்கள். பலமான காந்தங்கள் செய்யத் தேவைப்படும் அரிமண் தனிமங்களைப் பாருங்கள்.

1990-களில் சீனா அவற்றை வெட்டி எடுத்து, சுத்திகரித்து, சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படாமல் மலிவாகக் கொட்டியது. அதுவும் மிகை உற்பத்திதான். சிறு சிறு சுரங்கங்கள், திருட்டுச் சுரங்கங்கள், ஒருவர் விலையை ஒருவர் உடைப்பது. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் அந்த விலையோடும் சொந்தக் கழிவுநீர்ச் சிக்கலோடும் போராட முடியாமல் 2002-ல் நின்றது. மற்றவர்களும் விலகினார்கள், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும்போது யார் கஷ்டப்படுவார்கள்? பிறகு 2010 செப்டம்பரில், ஜப்பான் கையில் இருக்கும், சீனாவும் உரிமை கோரும் செங்காக்கு தீவுகளருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பான் காவல் கப்பல்களில் மோதியது. ஜப்பான் படகின் தலைவரைக் கைது செய்தது. சில நாளில் ஜப்பானுக்கு அரிமண் சரக்கு வரவில்லை. தடை எதுவும் போடவில்லை என்றது பெய்ஜிங். சுங்கத்தில் சரக்கு நகரவில்லை, அவ்வளவுதான். படகுத் தலைவர் விடுதலையானார்.

மலிவு விலை முதலில் போட்டியாளரைக் கொன்றது. போட்டியாளர் இல்லாத இடத்தில் கடல் தகராறு வந்ததும் குழாயை மூட முடிந்தது. ஸ்கார்பரோ தகராறுக்காக 2012-ல் பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தைப் பூச்சி என்று சொல்லித் துறைமுகத்தில் அழுக விட்டதைவிட இது பல மடங்கு பலமான ஆயுதம். வாழைப்பழத்தை வேறு நாட்டுக்கு விற்கலாம். காந்தத்தை வேறு எங்கே வாங்குவது? 2025-லும் ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு தடவை இதே குழாயைத் திருகினார்கள், அது வரிச் சண்டைக்காக.

எனவே எனக்குப் பயம் இன்றைய எஃகு பற்றி இல்லை. எஃகு எல்லா நாட்டிலும் உருகும். சூரியத் தகட்டுச் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே நாட்டில் இருக்கிறது. கப்பல் கட்டுவது பாதிக்கு மேல். மற்றவர்கள் கடையைச் சாத்திய பிறகு அடுத்த தகராறு வந்தால்?

---

தகடு வியாபாரி:

அம்மா முதல் தடவை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்.

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. 2010-க்குப் பிறகு ஜப்பான் சும்மா இருக்கவில்லை. 2011-லேயே ஆஸ்திரேலியாவின் அரிமண் சுரங்க நிறுவனமான லைனாஸில் பணம் போட்டது, காந்தத்தில் அரிமண் பயன்பாட்டைக் குறைத்தது. உலக வர்த்தக அமைப்பில் போட்ட வழக்கில் 2014-ல் சீனா தோற்றது. ஆனால் விலை மறுபடி விழுந்ததும் மவுண்டன் பாஸைத் திரும்பத் திறந்த கம்பெனி 2015-ல் திவாலானது. குழாயை மூடினால் மற்றவர்கள் கிணறு தோண்டுவார்கள், திறந்துவிட்டால் தோண்டியவன் நஷ்டப்படுவான். ஜப்பான் மட்டும் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு தோண்டியது.

---

செந்தட்டி:

சரி, கணக்குப்பிள்ளையிடம் ஒரு கேள்வி. 2025 ஜூலையில் ஷி ஜின்பிங் தலைமையில் கூடிய கட்சிக் குழுவே வெட்டுக்குத்துப் போட்டியை ஒடுக்கு, பழைய ஆலையை மூடு என்றது. நாளைக்கே எஃகும் காரும் அளவோடு வருகிறது என்று வையுங்கள். கடல் அமைதியாகுமா?

---

கணக்குப்பிள்ளை:

ஆகாது. ஆலையை மூடுவதாக இருந்தாலும் பட்டறையை மூடப்போவதில்லை. கப்பல் கட்டுவது இப்போது நஷ்டத் தொழிலே இல்லை, ஆர்டர் புத்தகம் வருடக்கணக்கில் நிறைந்திருக்கிறது, 2025-ல் இரண்டு அரசுப் பட்டறைக் குழுமங்களின் பங்கு நிறுவனங்களை ஒன்றாக இணைத்தும் விட்டார்கள். அமெரிக்கா 2025 அக்டோபரில் சீனக் கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணம் போட்டுப் பார்த்தது, ஒரு மாதத்துக்குள் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தது.

அதைவிட முக்கியம், காவல் கப்பல் ஒன்று இறங்கினால் 25, 30 வருடம் ஓடும். 2014-ல் இறங்கியவை 2040 வாக்கில்தான் உடைப்புக்குப் போகும். அதுவரை அவற்றுக்கு மாலுமி வேண்டும், எண்ணெய் வேண்டும், ரோந்து போக இடம் வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த கடலோரக் காவல் சட்டம், தங்கள் அதிகார எல்லை என்று அவர்கள் கருதும் கடலில் ஆயுதம் பயன்படுத்தவும் அனுமதி கொடுத்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஸ்கார்பரோவில் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி ஒன்றை அறிவித்ததும் அந்த ரோந்துக்கு ஒரு காரணம் கிடைத்த மாதிரிதான்.

---

நடுக்கடல்:

உடைப்புக்குப் போகும் என்கிறீர்கள், மீன்பிடிக் கப்பல்களைப் பொறுத்தவரை அவ்வளவு ஆயுள் கிடையாது. உப்புத் தண்ணீரில் நங்கூரம் போட்டே கிடக்கிற கப்பலின் அடிப்பாகம் சீக்கிரம் கெடும், வருடத்துக்கு ஒருமுறையாவது மேலேற்றிச் சுரண்ட வேண்டும். மானியம் நின்றால் முதலில் காணாமல் போவது இவைதான். உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் அது திருட்டு மீன்பிடிப்பு, அளவுக்கு மீறிப் பிடித்துக் குறைந்துபோன மீன் இனம் போன்றவற்றைத்தான் பேசுகிறது. மீனே பிடிக்காமல் நிற்கும் கப்பலை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்?

---

மறுபக்கம்:

சீனாவும் தென்கிழக்காசிய நாடுகளும் 2002-லிருந்து இழுத்துக்கொண்டிருக்கும் தென்சீனக் கடல் நடத்தை விதிமுறையை 2026-க்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் கூட்டமைப்பின் தலைமை பிலிப்பைன்ஸிடம். ஊர்க்காவல் படைக் கப்பல்கள் விதிமுறைக்குள் வருமா வராதா என்பதில்தான் பேச்சு நிற்கும் என்று நினைக்கிறேன். சீனா அவற்றை மீனவர்கள் என்றே சொல்லும்.

---

திசைகாட்டி:

மீனவர்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும், பிடித்த மீனின் எடைக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம். விதிமுறை வரைவு பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், நடுக்கடல் ஐயா கண்டிப்பாக வர வேண்டும்.